சைபர் விழுந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. இந்த நாட்டில் கடிதத் தபாலையே நிறுத்துகிறார்கள், ஊரிலிருந்த சிவப்புத் தபால்பெட்டிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தெரு மூலையில் நின்ற பெட்டியின் இடத்தில் சுவரில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. வியாழக்கிழமை உன் அம்மாவும் நானும் வைலேயிலிருந்து ரயிலில் வரும்போது இதைக் கையோடு கொண்டுவந்து தருவேன். தந்துவிட்டு அம்மாவோடு கடைக்குப் போய்விடுவேன். நீ தனியாக இருந்து வாசி. வாசித்து முடித்தபின் மயூரியிடமும் கொடு. உறையை ஒட்டவில்லை. வேறு யார் வாசித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்த போன்தான் என்னை எழுத வைத்தது. கலியாண விருந்தில் மாப்பிள்ளையும் பேச வேண்டும் என்பது டேனிஷ்காரரின் பழக்கம், வருகிற சனிக்கிழமை உன் முறை. "அப்பா, பேச்சில நான் ஃபுட்போல் கதையைத்தான் சொல்லப்போறன். டேனிஷிலயும் சொல்லுவன், தமிழிலயும் சொல்லுவன்" என்றாய். மயூரியின் தகப்பனுக்கு ஏற்கனவே சொல்லிவிட்டாயாம். அவர் இப்படியும் ஒரு மனிசனோ என்று கேட்டாராம். நான், "அது பழைய கதை, விடு" என்றேன். நீ போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா மயூரி, அடக்கத்தை!" என்று சிரித்தாய். அவளும் சிரித்தது கேட்டது. அதற்குப் பிறகு என்ன கதைத்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

நீ சொல்லப்போகிற கதையில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழை என்னுடையது. முன்னூறு பேருக்கு முன்னால் நீ எழுந்து நிற்பதற்கு முதல் அதை நான் திருத்த வேண்டும்.

மயூரியும் வாசிப்பாள் என்பதால் தொடக்கத்திலிருந்தே வருகிறேன். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள். மகள், இவன் விளையாடியது அமெரிக்கன் ஃபுட்போல். பெயர்தான் ஃபுட்போல், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒருவன் குனிந்து நின்று, இரண்டு கால்களுக்கும் நடுவால் பந்தைப் பின்னுக்கு எறிந்து தொடக்கி வைக்க வேண்டும். அதை ஸ்னாப் என்பார்கள். உன்னுடைய ஆள் அந்த வேலைதான் செய்தவன். பந்து கையை விட்டுப் போன அடுத்த நொடியே எதிரில் நிற்கிறவன் வந்து மோதுவான். எறிந்த பந்து என்ன ஆனது என்று நிமிர்ந்து பார்க்கவும் முடியாது. ஆட்கள் கைதட்டுவது வேறு யாருக்கோ. தன் பிள்ளை இதைப் போய் ஏன் தெரிந்தெடுத்தான் என்று அம்மா கனகாலம் கவலைப்பட்டாள்.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த சட்டம் ஒன்று உண்டு. மணிக்கூடு சைபருக்கு வந்தவுடன் எல்லாம் முடிந்துவிடாது. சைபர் விழுமுன் பந்து அசைந்திருந்தால், தொடங்கிய அந்த ஆட்டத்தை முடிக்க விடுவார்கள். பந்து ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்தாலும் பரவாயில்லை, அது விழுகிற இடம் கணக்கில் சேரும். முப்பது வருடம் சோதனை மண்டபங்களில் மணி அடித்தவுடன் பிள்ளைகளின் கையிலிருந்து தாளை இழுத்தவன் நான். பாதி வசனத்தில் நின்ற பிள்ளையையும் விடவில்லை. அதனால்தானோ என்னவோ, இந்தச் சட்டத்தை முதல் தடவை நீ விளங்கப்படுத்தியபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உனக்குப் பதினெட்டு வயது. புரட்டாதி மாதத்துப் பின்னேரம். உங்கள் கழகம் மேல் பிரிவுக்குப் போவதா இல்லையா என்பது அந்த ஒரு ஆட்டத்தில் இருந்தது. இங்கே கழகங்களில் சம்பள ஆட்கள் இல்லை. தாய் தகப்பன்மார் முறை வைத்து ஒருவர் கோப்பி ஊற்றுவார், ஒருவர் கோடு போடுவார். நான் கணக்கு வாத்தியார் என்பதால் மணிக்கூட்டுப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டார்கள். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசையில் பெட்டி, பெட்டியில் சின்னதாய் ஒரு கண்ணாடி, அதில் சிவப்பு எண்கள். அதே எண்கள் திடலின் கோடியில் நின்ற பெரிய பலகையிலும் தெரியும். அன்றைக்கு வெயில் சாய்ந்து பலகையின் முகத்தில் அடித்ததால் அதில் ஒன்றும் தெரியவில்லை. நேரம் தெரிந்த ஒரே இடம் என் மேசை.

நீங்கள் இரண்டு புள்ளி பின்னால். மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த வழியில்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவால் உதைத்தால் மூன்று புள்ளி. உன் சிநேகிதன் யோனாஸ் உதைக்க ஓடிவந்தான், நீ குனிந்தாய். எட்டு விநாடி இருந்தது. அதை நான் பார்த்தேன். ஐந்தையும் பார்த்தேன். பிறகு நீ எறிந்தாய், யோனாஸ் உதைத்தான், பந்து கம்பங்களுக்கு நடுவால் போனது. உங்கள் ஆட்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர் தொப்பியை நிலத்தில் அடித்து, நேரம் முடிந்த பிறகுதான் பந்து அசைந்தது என்று கத்தினார். வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை மத்தியஸ்தர் மற்ற மத்தியஸ்தர்களைக் கேட்டார். வெயிலுக்கு ஒருவருக்கும் பலகை தெரியவில்லை. அவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

"பந்து அசையும்போது மணிக்கூட்டில் நேரம் இருந்ததா?"

நான், "இல்லை. சைபர்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் விரித்து அசைத்தார். புள்ளி இல்லை. ஆட்டம் முடிந்தது.

நீ ஊருக்கெல்லாம் சொல்கிற கதை இதுவரைக்கும்தான். சொந்த மகன் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்ன தகப்பன். நீ சொல்லாத பகுதி உனக்குத் தெரியாது. ஐந்துக்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைப் பார்க்கவேயில்லை, தம்பி. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து உன் கையை விட்டுப் போனதைப் பார்த்தேன், யோனாசின் கால் படுவதைப் பார்த்தேன், பிறகுதான் குனிந்து பெட்டியைப் பார்த்தேன். அப்போது சைபர் இருந்தது. எப்போது விழுந்ததென்று எனக்குத் தெரியாது. நீ எறியுமுன் விழுந்திருக்கலாம், எறிந்த பிறகும் விழுந்திருக்கலாம். அவர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: "நான் பார்க்கவில்லை."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நானும் என்னைப் பலமுறை கேட்டேன். மேசையைச் சுற்றி இரண்டு கழகத்து ஆட்களும் நின்றார்கள். ஒரு கறுத்த மனிசன், ஆடுகிற பெடியனின் தகப்பன், மணிக்கூட்டுக்குப் பொறுப்பானவன், அவன் பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? நேரம் இருந்தது என்று சொன்னால் அதைவிட மோசமாக நினைப்பார்கள். சைபர் என்று சொன்னால் ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அந்த ஒரு விநாடியில் நான் தேடியது உண்மையை அல்ல. என்மேல் ஒரு சொல் வராத இடத்தைத் தேடினேன், அது உனக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

இது அன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பேச்சுப்போட்டி நடந்ததே, உனக்கு ஒன்பது வயது, நினைவிருக்கிறதா? மூன்று பேர் புள்ளி போட்டோம். மற்ற இரண்டு பேரும் உனக்கு முதலிடம் தந்திருந்தார்கள். நான் போட்ட புள்ளியில் நீ மூன்றாவதாக வந்தாய். பக்கத்தில் இருந்த ரீச்சர் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், பெடியன் நல்லாத்தானே பேசினவன்?" என்றார். "என்ர பெடியன் எண்டபடியால்தான். ஆக்கள் கதைப்பினம்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "ஊரார் பிள்ளையளுக்கு அள்ளிப் போடுறியள். உங்கட பிள்ளைக்கு ரெண்டு புள்ளி கூடப் போட்டா வானம் இடிஞ்சு விழுமோ?" எனக்கு அது அப்போது பெருமையாக இருந்தது. வாத்தியார்மார் வீடுகளில் இப்படி ஒரு நோய் இருக்கிறது. வெளியாட்களுக்கு நேர்மையானவனாய்த் தெரிய வேண்டும் என்று வீட்டுப் பிள்ளையின் பங்கை வெட்டிக் கொடுப்போம், அதற்கு நீதி என்று பெயர் வைப்போம். நாளைக்கு நீயும் ஒரு வீட்டை நடத்தப் போகிறாய். உன் ஆட்களோடு மயூரிக்கு ஏதும் வாக்குவாதம் வந்தால், நடுநிலையானவன் என்று காட்டுவதற்காக மட்டும் அவளை விட்டுக்கொடுக்காதே. அவள் பிழை என்றால் பிழை என்று சொல். சரி என்றால் ஆட்களுக்கு முன்னால் சரி என்று சொல்லப் பழகு. இரண்டாவதுதான் எனக்கு வராமல் போனது.

மேசையில் சொன்னது ஒரு பயந்த மனிசனின் தடுமாற்றம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு காரில் நடந்ததற்கு அப்படியும் ஒரு சாட்டு இல்லை. நீ பின்சீட்டில், முழங்காலில் சேறு காய இருந்தாய். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் டேனிஷில் கேட்டாய், பார்த்தீர்களா அப்பா, உண்மையாகப் பார்த்தீர்களா என்று. நான் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னேன்: "ஓம், பாத்தனான்." அதுதான் பொய். முழுப் பொய். இரண்டு கிழமை நீ என்னோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு கிழமையில் சொல்லியிருக்கலாம். நீ கோபமாக இருந்தபோது சொல்வது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் நீ கோபத்தை விட்டுவிட்டு வந்தாய். சாப்பாட்டு மேசையில் வந்து இருந்து, "நீங்கள் செய்தது சரி, அப்பா. நானும் அப்பிடி இருக்கோணும்" என்றாய். அடுத்த வருடம் விளையாட்டை விட்டுவிட்டு மத்தியஸ்தர் பயிற்சிக்குப் போனாய். கறுப்பும் வெள்ளையும் வரி போட்ட சட்டையோடு வந்து நின்றபோது அம்மா, "வரிக்குதிரைக்குச் சாப்பாடு போடட்டோ?" என்று பகிடி பண்ணினாள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சட்டையை உனக்கு மாட்டிவிட்டது என் பொய்தான் என்று எனக்கு விளங்கியது.

இன்னொரு முறையும் வாய்ப்பு வந்தது. பயிற்சி முடிந்து வந்த வாரம் குசினியில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாய். அம்மா கறிக்குப் பிழிய எடுத்த தேசிக்காயை மேசையில் வைத்து, அதுதான் பந்து என்றாய். மணிக்கூட்டுக்குப் பதிலாக மைக்ரோவேவில் பத்து விநாடி ஓடவிட்டாய். "அப்பா, நீங்கள் பந்தைப் பாக்கக் கூடாது. சைபர் வருமட்டும் மணிக்கூட்டை மட்டும் பாருங்கோ. சைபரைக் கண்ணால கண்ட பிறகு பந்துக்குத் திரும்புங்கோ. பந்து நிலத்தில இருந்தா நேரம் முடிஞ்சுது. அசைஞ்சிட்டுதெண்டால் விடுங்கோ, ஆடட்டும்." கண் திரும்பும் நேரத்துக்குள் பந்து அசைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அந்த அரை விநாடி ஆடுறவனுக்குச் சொந்தம். சந்தேகத்தை அவனுக்குத்தான் குடுக்கோணும்" என்றாய். அம்மா இடையில் வந்து, "ரெண்டு பேரும் விளையாடினது காணும், தேசிக்காயைத் தாங்கோ, சொதிக்கு விடோணும்" என்று எடுத்துக்கொண்டு போனாள். நான் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பார்த்த ஒழுங்கு தலைகீழ். முதலில் பந்து, பிறகு மணிக்கூடு. உன் சட்டப்படி அன்றைக்கு அந்தச் சந்தேகம் உனக்குச் சேர வேண்டியது. நான் அதை எடுத்து எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தேத்தண்ணி குடிக்கும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாண் துண்டுக்குப் பட்டர் பூசிக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் உங்களுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்தனான் எல்லோ. நீங்கள் வாயைத் திறந்துகொண்டு பிள்ளையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"பிறகேன் இவ்வளவு வருசமும் ஒண்டும் கேக்கேல்லை?"

"நான் ஏன் கேக்கோணும்? அது நீங்கள் சொல்லவேண்டிய கதை."

எனக்கு ஒரு நப்பாசை. "நீயாவது அந்தப் பெட்டியைப் பாத்தியோ?" என்று கேட்டேன். "நானோ? அதில எது நேரம், எது புள்ளி எண்டே எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது" என்றாள். ஆகவே உண்மை என்னவென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, தம்பி. நீ வென்றாய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தெரியாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் வருமுன் யோனாசிடம் போனேன். அதற்குக் கோபிக்காதே. அவனுடைய சைக்கிள் கடை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, அதோடு சொல்லிப் பழக எனக்கு ஒரு ஆள் தேவையாக இருந்தது. அவன் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். விருந்தில் பேச்சுகளை நடத்தப்போகிறவன் அவன்தானே, கலியாண ஒழுங்கு கதைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "உங்கள் பேச்சுக்கு ஐந்து நிமிடம்தான், வாத்தியார். மணி அடிப்பேன்" என்றான். நான் நின்றபடியே சொன்னேன். அவன் டயரைக் கீழே வைத்தான்.

"அப்போ நேரம் இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை."

"அன்றைக்கு உதைக்கிற இடத்தை அளக்க நான் ஒரு அடி கூடுதலாக எடுத்து வைத்தேன்" என்றான். "அதனால்தான் பிந்தியது என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகனுக்குக்கூடச் சொல்லவில்லை."

என் பொய் உன்னை மட்டும்தான் தொட்டது என்று நினைத்திருந்தேன். இன்னொரு வீட்டுப் பிள்ளை அதைத் தன் காலில் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் நடந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். அவன் எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்துக் கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு, "ஆனால் உதை நல்ல உதைதானே?" என்று கேட்டான். "நடுவால் போனது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்" என்றேன். சிரித்தான். பிறகு, "சனிக்கிழமைக்கு முதல் அவனிடம் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அவன் பேசினது பொய்யாகிவிடும்" என்றான். வியாழன்வரைக்கும் வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னான், அவனைக் குறை சொல்லாதே.

இனி நீ என்ன நினைக்கிறாயோ, அது உன் பாடு. நீ மத்தியஸ்தராக நின்ற ஒவ்வொரு ஆட்டமும் உன்னுடைய நேர்மை. என்னிடமிருந்து வந்தது என்று நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய், வரவில்லை. தெரியாத இடத்தில் கையை விரித்து, நான் பார்க்கவில்லை என்று நீ சொல்வதை உன் ஆட்டங்களில் நான் பார்த்திருக்கிறேன். ஆட்கள் கூவினாலும் உன் முகம் மாறாது. அதை உனக்கு யார் சொல்லித் தந்தது என்று எனக்குத் தெரியாது, நான் சொல்லித் தரவில்லை என்பது மட்டும் தெரியும். மயூரியோடு வாழும்போதும் அந்த வசனத்தைக் கைவிடாதே. தெரியாததைத் தெரியும் என்று ஒருமுறை சொன்னால், அதைக் காப்பாற்ற அடுத்த நாளும் சொல்ல வேண்டி வரும். எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்தது.

விருந்தில் அந்தக் கதையை விட்டுவிடு என்று நான் கேட்கவில்லை. சொல்ல விரும்பினால் முழுக்கச் சொல். உன் மாமனார் என்னை முன்பு போல மதிக்க மாட்டார் என்று ஒரு சின்னப் பயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். உனக்குக் கோபம் வந்தால் கோபப்படு. இந்த முறை இரண்டு கிழமை கதைக்காமல் இருக்க மட்டும் உனக்கு வசதி இல்லை, சனிக்கிழமை பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டும்.

ஒரு விசயம் மிச்சம். படம் எடுக்கிறவர்கள் இழுத்தடித்து முகூர்த்தம் தப்பிவிடும், ஆகவே நான் மேளக்காரருக்குப் பக்கத்தில் மணிக்கூட்டோடு நின்று ஐயருக்குச் சைகை காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டிருக்கிறாய். உங்களோடு ஒருவரும் வாதாட மாட்டார்கள் என்றாயாம். மயூரியின் பெரியப்பா ஹ்விடோவ்ரேயில் இருபது வருடம் பஸ் ஓட்டினவர், நேரத்தில் அவரை அசைக்க முடியாது. அந்த வேலையை அவரிடம் கொடு. நீ தாலியைக் கையில் எடுக்கும்போது எனக்கு உன்னைப் பார்க்கிற வேலை இருக்கிறது.

அப்பா